தம்பிக்குக் கொடுக்கப் படிப்புக் கடன் வாங்காதீர்கள்

கேள்வி: அமெரிக்காவில் ஒரு பொதுத் தொடக்கப் பள்ளியில் ஏழு வருடமாக ஆசிரியையாக இருக்கிறேன். கிரீன் கார்டு உண்டு. ரீடிங் ஸ்பெஷலிஸ்ட் (வாசிக்கத் திணறும் மாணவர்களுக்கான சிறப்பு ஆசிரியர்) ஆவதற்கான இரண்டு வருட மாஸ்டர்ஸில் முதல் வருடம் (2025-26) முடியப்போகிறது. கட்டணம் வருடத்துக்கு 10,500 டாலர். ஃபெடரல் (மத்திய அரசு) கடனில் உச்சவரம்பான 20,500 டாலரையும் வாங்கி, மிச்சம் 10,000-ஐத் தம்பியின் தொழிலுக்குக் கொடுத்தேன். அடுத்த வருடமும் அதே அளவு கேட்கிறான். அரசு எப்படியும் கடனைத் தள்ளுபடி செய்துவிடும் என்கிறார்கள். சேமிப்பு 9,000 டாலர் இருக்கிறது. இதை முடித்ததும் பிரின்சிபல் ஆக இன்னொரு மாஸ்டர்ஸும் படிக்கலாமா?

பதில்: பிரின்சிபல் படிப்பைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் அந்த 10,000 டாலர்.

கட்டணம் போக ரீஃபண்டாக உங்கள் கணக்குக்கு வருவதும் கடன்தான். படிப்புக்கும், படிக்கும் காலத்தின் வாழ்க்கைச் செலவுக்கும் மட்டுமே செலவழிப்பதாகக் கையெழுத்துப் போட்டுத்தான் அதை வாங்குகிறீர்கள். தம்பியின் தொழில் இதில் சேராது. அது ஒரு பக்கம் இருக்கட்டும், கணக்கைப் பாருங்கள். 2025-26-ல் வழங்கப்பட்ட முதுநிலைக் கடனுக்கு வட்டி 7.94 சதவீதம். பணம் வந்த நாளிலிருந்தே வட்டி ஓடுகிறது. நீங்கள் படிக்கிறீர்கள் என்பதற்காக அது நிற்பதில்லை. அடுத்த வருடமும் இதே வட்டி என்று வைத்துக்கொண்டால், தம்பிக்கான 20,000 டாலர், படிப்பு முடிந்து, தவணை தொடங்காத ஆறு மாதச் சலுகைக் காலமும் தீரும்போது ஏறக்குறைய 22,500 ஆகியிருக்கும். அதைப் பத்து வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 270 டாலர். மொத்தம் 32,000-ஐத் தாண்டுகிறது. உங்கள் படிப்புக்கான கடன் இது இல்லாமல் தனி.

தள்ளுபடியை நம்பிக் கொடுத்ததாகச் சொல்கிறீர்கள். பொதுப் பள்ளி ஊழியருக்கு அந்தத் திட்டம் உண்டு, உண்மைதான். ஆனால் தகுதியான 120 மாதத் தவணை கட்டிய பிறகு பாக்கி இருந்தால்தான் தள்ளுபடி. பத்து வருட வழக்கமான தவணையில் போனால் 120 மாதத்தில் நீங்களே முழுதும் கட்டி முடித்திருப்பீர்கள். வருமானத்தை வைத்து நிர்ணயிக்கும் தவணையில்தான் ஏதாவது மிஞ்சும். அதிலும் கணவருடன் சேர்ந்து வரி தாக்கல் செய்தால் அவர் சம்பளமும் கணக்கில் வரும். நாளை பிரின்சிபல் ஆகிச் சம்பளம் கூடினால் தவணையும் கூடும். இதை நம்பி உறவினருக்குக் கடன் வாங்கித் தருவது தவறு, தயவுசெய்து நிறுத்துங்கள்.

உடனே ஒன்று செய்யலாம். கடன் தொகை வழங்கப்பட்ட 120 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கும் பகுதிக்கு வட்டியும் கிடையாது, கடன் வழங்கப் பிடிக்கும் கட்டணமும் கிடையாது. ஸ்பிரிங் பருவத்துக்கு வந்த 5,000-க்கு இன்னும் அந்தக் கெடு இருந்தால், சேமிப்பிலிருந்து எடுத்துத் திருப்பிவிடுங்கள். கெடு தாண்டியிருந்தாலும் கட்டுங்கள், அசல் குறையும். அடுத்த வருடத்துக்குக் கட்டணத்தின் அளவு மட்டும் போதும் என்று கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்துக்கு எழுதிக் கொடுங்கள். தம்பிக்கு உதவ நினைப்பதை நான் குறை சொல்லவில்லை. சம்பளத்திலிருந்து மாதம் 100, 150 என்று, வேண்டும்போது நிறுத்தக்கூடிய தொகையாகக் கொடுங்கள். "கடன் வாங்கித் தர மாட்டேன்" என்று அவரிடம் இந்த வாரமே சொல்லிவிடுவது நல்லது. செமஸ்டர் நெருங்கினால் சொல்ல வாய் வராது.

தவணையைக் குறைக்கிறோம் என்று தனியார் நிறுவனங்களின் ரீஃபைனான்ஸ் (பழைய கடனை அடைத்துவிட்டுப் புதுக் கடன் தருவது) விளம்பரம் உங்களுக்கும் வரும். அதற்குப் போனால் ஃபெடரல் கடனின் பாதுகாப்பு எல்லாம் போய்விடும், தள்ளுபடி வாய்ப்பும் சேர்த்து. பக்கமே போக வேண்டாம்.

சரி, பிரின்சிபல். மாஸ்டர்ஸ் ஒன்று கையில் இருப்பவருக்கு இன்னொரு முழு மாஸ்டர்ஸ் பெரும்பாலும் தேவைப்படாது. பல பல்கலைக்கழகங்களில் மாஸ்டர்ஸ் முடித்தவர்களுக்கென்றே பிரின்சிபல் லைசென்ஸுக்கான சான்றிதழ் படிப்பு இருக்கிறது. பாடங்கள் குறைவு, செலவும் குறைவு. விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறுவதால், உங்கள் மாநிலக் கல்வித் துறையின் லைசென்ஸ் பிரிவில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பாதி நேரமாவது படித்துக்கொண்டிருக்கும் வரை தவணை தானாகத் தள்ளிப்போகும் என்பதால், அந்த மாதங்கள் பொதுவாகத் தள்ளுபடிக்கான 120 மாதத்தில் சேராது என்பதையும் கவனியுங்கள்.

இன்னொரு பொறி டீச் கிராண்ட், அதாவது ஆசிரியப் படிப்புக்கு ஃபெடரல் அரசு தரும் மானியம். ஆண்டுக்கு 4,000 டாலர் வரை கிடைக்கும், ரீடிங் ஸ்பெஷலிஸ்ட் அதற்குத் தகுதியான துறை. ஆனால் படிப்பு முடிந்து எட்டு வருடத்துக்குள் நான்கு வருடம், வருமானம் குறைந்த பகுதிப் பள்ளியில், அந்தத் துறையில் ஆசிரியராகவே வேலை செய்ய வேண்டும். பிரின்சிபலாக இருந்த வருடங்கள் கணக்கில் வராது. நிபந்தனை தவறினால் மானியம் முழுவதும் கடனாக மாறும், முதல் நாளிலிருந்து வட்டியோடு. சீக்கிரம் பிரின்சிபல் ஆகும் எண்ணம் இருந்தால் இதைத் தொட வேண்டாம். நான்கு வருடம் வாசிப்புப் பாடத்திலேயே இருக்கப்போகிறீர்கள் என்றால் தாராளமாக வாங்கலாம்.

எந்தப் படிப்புக்கும் விண்ணப்பம் போடும் முன் உங்கள் பள்ளி டிஸ்ட்ரிக்டின் மனிதவளப் பிரிவில் இரண்டு விஷயம் கேளுங்கள்: இந்த மாஸ்டர்ஸ் உங்களைச் சம்பள அட்டவணையில் எந்த வரிசைக்கு ஏற்றும், வருடத்துக்கு எவ்வளவு கூடும்? படிப்புச் செலவில் அவர்கள் பங்கு தருவார்களா? முறையான திட்டம் இருந்தால் வருடத்துக்கு 5,250 டாலர் வரை வரி இல்லாமல் தரலாம். உங்கள் ஒரு வருடக் கட்டணத்தில் அது சரிபாதி.