டப்பிங் கலைஞரின் வருமானம் ஒரே போனை நம்பி இருக்கலாமா?

கேள்வி: சென்னை சாலிகிராமத்தில் இருக்கிறேன். பல வருடமாக டப்பிங் பேசுகிறேன். இந்தியிலிருந்து வரும் சீரியல்கள், கார்ட்டூன், எப்போதாவது சினிமாவில் கிரவுட் (கூட்டத்தில் கேட்கும் குரல்). யூனியன் கார்டு இருக்கிறது. பெரும்பாலும், ஸ்டுடியோக்களுக்குக் குரல் பிடித்துத் தரும் ஒரே கோஆர்டினேட்டர்தான் கூப்பிடுவார். சில மாதம் தினமும் கால்ஷீட், சில மாதம் போனே வராது. இப்போது ஏஐ குரல் வேறு வந்துவிட்டது. வேறு வேலைக்குப் போய்விடலாமா, இதிலேயே வேறு வழி உண்டா?

பதில்: போய்விட வேண்டாம். ஆனால் இப்படியே இருக்கவும் வேண்டாம். நீங்கள் எழுதியதில் ஏஐயைவிட எனக்குக் கவலை தந்தது அந்த ஒரே கோஆர்டினேட்டர்தான். சீரியல், கார்ட்டூன், கிரவுட் என்று மூன்று வகை வேலை இருந்தும் மூன்றும் ஒரே போனில் வருகின்றன. அவர் கூப்பிடுவதை நிறுத்தினால் உங்களுக்கு மூன்றும் போகும். புதிய குரல்கள் பழகுவதெல்லாம் அப்புறம். பணம் தருகிறவர்கள் நாலு பேர் ஆக வேண்டும், அதுதான் முதல் வேலை.

உங்கள் கைக்கு மிக அருகில் இருப்பது டப்பிங் ஸ்கிரிப்ட். இந்தி சீரியலில் ஒரு குளோசப், மகள் ‘மா, பஸ் கரோ’ என்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். மொழிபெயர்த்து வந்த தாளில் ‘அம்மா, நிறுத்துங்கள்’ என்றிருக்கும். திரையில் ‘பஸ்’ஸுக்கு உதடு ஒட்டுகிறது, ‘நி’க்கு ஒட்டாது. கடைசி ‘ரோ’வில் உதடு குவிகிறது, ‘கள்’ என்று முடித்தால் வாய் பிளந்து நிற்கும். நீங்கள் மைக் முன்னால் நின்றபடியே ‘அம்மா, போதும் விடு’ என்று மாற்றிப் பேசி ஓகே வாங்கியிருப்பீர்கள். இந்தத் திருத்தத்தை இத்தனை வருடமாக இலவசமாகச் செய்து வருகிறீர்கள். இதையே ரெக்கார்டிங்குக்கு முன்பு தாளில் செய்து கொடுத்தால் அது டப்பிங் எழுத்தாளர் வேலை, அதற்குத் தனிச் சம்பளம். தெரிந்த டப்பிங் இன்சார்ஜ் ஒருவரிடம் ஒரு எபிசோடை மட்டும் கேட்டு வாங்கி எழுதிக் கொடுங்கள். ரீடேக் குறைந்து ஸ்டுடியோ வாடகை மிச்சமானால் அடுத்த எபிசோடுக்கு அவரே கூப்பிடுவார். தொண்டை கட்டிய வாரத்திலும் இந்த வேலை நிற்காது. கையில் இந்தி கொஞ்சம் இருந்தால் இது உங்களுக்கு இன்னும் சுலபம்.

அதிகம் பேர் கவனிக்காத இன்னொன்று ஆடியோ டிஸ்கிரிப்ஷன். பார்வையற்றவர்களுக்காகத் திரையில் நடப்பதைச் சொல்லும் குரல் அது. திரையரங்கில் வரும் படங்களுக்கு இப்படியான வசதிகள் வேண்டும் என்று ஒன்றியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2024 மார்ச்சில் வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. ஒரு வசனத்துக்கும் அடுத்த வசனத்துக்கும் நடுவே நாலைந்து நொடிதான் கிடைக்கும். அதற்குள் ‘கதவு திறக்கிறது, உள்ளே யாரும் இல்லை’ என்று சொல்லி முடித்து, அடுத்த வசனத்துக்கு இடம் விட வேண்டும். உணர்ச்சியைக் கொட்டக் கூடாது, செய்தி வாசிப்பது போல வறட்டுத்தனமாகவும் இருக்கக் கூடாது. இடைவெளி பார்த்துப் பேசுவது உங்கள் தினசரிப் பழக்கம் என்பதால் புதிதாக வருகிறவர்களைவிட உங்களுக்குச் சீக்கிரம் வரும். தரமணி திரைப்படக் கல்லூரி மாணவர் யாருடைய குறும்படமாவது கிடைத்தால், அனுமதி வாங்கி மூன்று நிமிடத்துக்கு நீங்களே எழுதிப் பேசி ஒரு சாம்பிள் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய படத்தின் காட்சியை எடுத்துச் செய்து இணையத்தில் போட்டால் உரிமைச் சிக்கல் வரும்.

ஆடியோ கதைகளைப் பலரும் சொல்லியிருப்பார்கள். குக்கு எஃப்எம், பாக்கெட் எஃப்எம் போன்ற செயலிகளில் தமிழ்த் தொடர்கதைகளுக்குக் குரல் தேவைப்படுகிறது, உண்மைதான். ஆனால் கணக்குப் போட்டு இறங்குங்கள். முடிந்த ஒலி ஒரு மணி நேரம் என்றால் வாசிப்பு, திருத்தம், மறுபதிவு எல்லாம் சேர்ந்து மூன்று நான்கு மணி நேரமாவது போகும். ‘ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு’ என்று சொன்னால், முடிந்த ஒலியின் மணி நேரமா, வேலை செய்த மணி நேரமா என்று கேளுங்கள். ஆடிபிளுக்கு ஒலிநூல் செய்து தரும் ஏசிஎக்ஸ் தளத்தில் அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்தில் வசிப்பவர்கள்தான் சேர முடியும், அதில் நேரம் செலவழிக்காதீர்கள். அதன் தர அளவை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்: சராசரி ஒலி மைனஸ் 23 முதல் மைனஸ் 18 டெசிபலுக்குள், உச்சம் மைனஸ் 3ஐத் தாண்டாமல், அறை இரைச்சல் மைனஸ் 60க்குக் கீழே. ஆடாசிட்டி என்ற இலவச ஒலிப்பதிவு மென்பொருளிலேயே இதை அளந்து பார்க்கலாம். சாலிகிராமத்துத் தெருவில் பகலில் அந்த மைனஸ் 60 கிடைக்காது, காய்கறி வண்டியின் ஒலிபெருக்கி ஒன்றே போதும். இரவு பத்துக்கு மேல், மின்விசிறியை நிறுத்திவிட்டு, துணி நிறைந்த அலமாரியைத் திறந்து வைத்து அதைப் பார்த்தபடி பேசிப் பாருங்கள். இதைச் செய்யாமல் விலை கூடிய மைக் வாங்கினால் தெருச் சத்தம் இன்னும் துல்லியமாகப் பதிவாகும், அவ்வளவுதான்.

வானொலியை மறந்துவிடாதீர்கள். அகில இந்திய வானொலி நிலையங்கள் தற்காலிக அறிவிப்பாளர்களுக்கும் நாடகக் குரல்களுக்கும் அவ்வப்போது தேர்வு வைக்கின்றன. பெரிய பணம் வராது, பெயர் வரும். வங்கி, மருத்துவமனை போன்களில் வரும் அறிவிப்பு, கம்பெனிப் பயிற்சி வீடியோக்கள் ஆகியவற்றில் அலட்டல் குறைவு, பணமும் ஓரளவு ஒழுங்காக வரும். ஆனால் ஏஐ முதலில் கை வைப்பது இந்த வேலைகளில்தான். அவற்றை மட்டும் நம்பிக் கடன் வாங்காதீர்கள்.

ஏஐ பற்றிப் பயப்படுவதைவிடக் கையெழுத்துப் போடுமுன் படிப்பது முக்கியம். 2024இல் ஏ.ஆர்.ரஹ்மான் ‘லால் சலாம்’ படத்தில் மறைந்த இரண்டு பாடகர்களின் குரலை ஏஐ மூலம் பயன்படுத்தியபோது, குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி ஊதியமும் கொடுத்ததாகச் சொன்னார். அதே ஆண்டு ஜூலையில் பாடகர் அரிஜித் சிங்கின் குரலை நகலெடுக்கும் கருவிகளுக்கு எதிராக பாம்பே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை தந்தது. அவருக்கு வக்கீல் இருக்கிறார், நமக்கு ஈமெயில்தான் ஆயுதம். ஒவ்வொரு வேலையையும் ஒப்புக்கொள்ளும்போது இந்த இரண்டு வரியை அனுப்புங்கள்: ‘இந்தப் பதிவு குறிப்பிட்ட இந்த வேலைக்கு மட்டும். ஏஐ பயிற்சிக்கோ குரலை நகலெடுக்கவோ என் தனி எழுத்து அனுமதி வேண்டும்.’ ‘எல்லா ஊடகத்திலும், என்றென்றைக்கும்’ என்று ஒப்பந்தத்தில் இருந்தால் நிறுத்திக் கேளுங்கள். ஏஐக்காகவே குரல் பதியக் கூப்பிடுகிறவர்களும் உண்டு. போகலாம், தப்பில்லை. ஆனால் அந்தக் குரல் நாளைக்கு எங்கெல்லாம் பேசும், விளம்பரத்துக்கும் விற்பார்களா என்று கேட்டு, அதற்கேற்பச் சம்பளம் பேசுங்கள். ஒரு நாள் டப்பிங் சம்பளத்துக்கு அதைக் கொடுத்துவிடக் கூடாது.

நேரடியாகக் கம்பெனிகளுக்கு வேலை செய்ய ஆரம்பித்தால் பில் போடப் பழக வேண்டும். பெரும்பாலும் 10 சதவீதம் டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடித்துக்கொண்டு தருவார்கள். அது உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று வருமான வரித் தளத்தில் பாருங்கள். வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாவிட்டாலும் ரிட்டர்ன் போட்டால்தான் அந்தப் பணம் திரும்ப வரும். நம் தொழிலில் பலர் இதைச் சும்மா விட்டுவிடுகிறார்கள். ஜிஎஸ்டி பதிவு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான்.

கடைசியாக உங்கள் கோஆர்டினேட்டர். அவரிடம் எதையும் மறைக்க வேண்டாம், அவர் மூலம் அறிமுகமான கம்பெனியிடம் அவரைத் தாண்டிப் போய்ப் பேசவும் வேண்டாம். வடபழனிக்கும் சாலிகிராமத்துக்கும் நடுவே எந்தச் செய்தியும் சாயங்காலத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடும். ஸ்கிரிப்ட், ஆடியோ டிஸ்கிரிப்ஷன், கதைச் செயலிகள் எல்லாம் அவர் நடமாடாத இடங்கள். அங்கே உங்கள் சாம்பிளோடு நேரே போங்கள், யாருக்கும் கமிஷன் தர வேண்டியதில்லை.