வீட்டிலேயே படிக்கட்டுமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

மகளுக்கு 7 வயது. இரண்டாம் வகுப்போடு பள்ளியை நிறுத்திவிட்டு வீட்டில் சொல்லிக்கொடுக்க நினைக்கிறோம். கேஸ், அபராதம் என்று ஏதாவது வருமா?
- வாசகி, திருப்பூர்

கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் இயற்றப்பட்டு, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது அதன் 10-ஆம் பிரிவு. அந்தக் கடமையைச் செய்யாத பெற்றோருக்கு இன்ன தண்டனை என்று சட்டத்தில் எங்கும் இல்லை. வீட்டுக்கல்வி என்ற பேச்சே அதில் கிடையாது. அதனால் அனுமதி கொடுக்கும் அலுவலகமும் இல்லை, விண்ணப்பமும் இல்லை. “அனுமதி வாங்கித் தருகிறேன்” என்று யாராவது பணம் கேட்டால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

டி.சி.யைக் கேட்டு வாங்குங்கள். சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டால் பின்னால் அலைச்சல்தான். எமிஸ் எண்ணையும் (பள்ளிக்கல்வித் துறையின் கணினிப் பதிவில் மகளுக்கு உள்ள எண்) குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பள்ளியிலிருந்து விடுவித்த பிள்ளையின் பெயர் எமிஸில் பொதுத் தொகுப்புக்குப் போய்விடும். பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்புக்கு வரும் ஆசிரியர்கள் உங்கள் வீட்டுக் கதவையும் தட்டலாம். அவர்களுடன் சட்டம் பேசாதீர்கள், அவர்கள் தங்கள் வேலையைப் பார்க்கிறார்கள். தேதி போட்ட நோட்டைக் காட்டுங்கள். மாதத்துக்கு ஒரு ஃபைல், பாடத்துக்கு இரண்டு தாள் போதும்.

மனம் மாறினாலும் வழி அடைபடவில்லை. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போனதற்குச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும் என்று அதே சட்டத்தின் 4-ஆம் பிரிவு சொல்கிறது.

காலை 9 முதல் மாலை 4 வரை பீரியடு போட்டு நடத்தினோம். பத்தாம் நாளே எனக்கும் மகனுக்கும் (8 வயது) சண்டை. எங்கே தவறு?
- வாசகர், தஞ்சாவூர்

அட்டவணையில்தான். பள்ளி நாளில் பாதி, வருகைப்பதிவிலும் கரும்பலகையைப் பார்த்து எழுதுவதிலும் மற்ற பிள்ளைகள் முடிக்கக் காத்திருப்பதிலும் போகிறது. ஒரே பிள்ளை எதிரே உட்கார்ந்திருக்கும்போது அந்த வயதுக்கு இரண்டு மணி நேரம் தாராளம். காலையில் கணக்கு 25 நிமிடம், உரக்க வாசிப்பது 20 நிமிடம், சொந்தமாக நாலு வரி எழுதுவது 15 நிமிடம். மீதியை ஆங்கிலத்துக்கும் அறிவியலுக்கும் மாலையில் வைத்துக்கொள்ளலாம். பள்ளியை விட்ட முதல் மூன்று, நான்கு வாரம் இதில் பாதிகூட வேண்டாம்.

பாடநூல் கழகத்தின் புத்தகங்களும் என்.சி.இ.ஆர்.டி. புத்தகங்களும் இணையத்தில் இலவசம். ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் ‘கிட்’டுகளை முதல் வருடம் தொடாதீர்கள். என்ன தேவை என்று தெரிவதற்கு முன்பே வாங்கினால் பரணில்தான் கிடக்கும்.

மகன் 42-இலிருந்து 17-ஐக் கழித்தால் 35 என்கிறான். எத்தனை முறை சொன்னாலும் அதேதான். கவனக்குறைவா?
- வாசகி, நாகர்கோவில்

இல்லை. ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வரும் தவறு கவனக்குறைவாக இருக்காது. மேலே 2, கீழே 7. இரண்டிலிருந்து ஏழு போகாது, எனவே பெரியதிலிருந்து சின்னதைக் கழித்து 5 போடுகிறான். பிறகு நாலில் ஒன்று போக 3. அவன் கண்ணுக்கு 42 என்பது பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இரண்டு இலக்கங்கள், அவ்வளவுதான். “பக்கத்து வீட்டில் கடன் வாங்கு” என்ற மந்திரம் இதைச் சரிசெய்யாது.

பென்சிலை எடுத்து வையுங்கள். துடைப்பத்து ஈர்க்கை விரல்நீளத்துக்கு நறுக்கி, பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போடச் சொல்லுங்கள். கட்டுவது அவனாகவே இருக்க வேண்டும், நீங்கள் கட்டிக் கொடுத்தால் பலன் பாதிதான். நாலு கட்டு, இரண்டு உதிரி. “எனக்குப் பதினேழு கொடு” என்று கை நீட்டுங்கள். ஒரு கட்டைத் தருவான், உதிரியில் ஏழு இல்லாமல் விழிப்பான். அங்கே வாயைத் திறக்காதீர்கள். கொஞ்ச நேரத்தில் அவனே ஒரு கட்டை அவிழ்ப்பான். கையில் உதிரி 12 ஆகும், அதிலிருந்து ஏழு தந்தால் ஐந்து மிஞ்சும். மிச்சம் இரண்டு கட்டு, ஐந்து உதிரி.

நாலைந்து நாள் இப்படிக் குச்சியோடு மட்டும். பிறகு ஒவ்வொரு அசைவுக்கும் பக்கத்தில் எழுத விடுங்கள்: கட்டை அவிழ்த்ததும் 4-ஐ அடித்து 3, உதிரி 12. அதற்கப்புறம் பத்து ரூபாய்த் தாளும் ஒரு ரூபாய்க் காசும். கடைசியாக 203-இலிருந்து 68. நடுவில் சுழியம் இருப்பதால் அவிழ்க்கப் பத்துக்கட்டே இருக்காது. முதலில் நூறின் பெரிய கட்டைப் பிரித்துப் பத்துக் கட்டாக்கி, அதில் ஒன்றை உதிரியாக்க வேண்டும். விடை 135. பெரும்பாலான பிள்ளைகள் மறுபடி இடறுவது இங்கேதான். அப்போது தயங்காமல் குச்சிக்குத் திரும்புங்கள்.

பத்தாம் வகுப்புச் சான்றிதழுக்கு என்ன வழி?
- வாசகர், கோவை

பலரும் போவது தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்துக்கு, அதாவது என்.ஐ.ஓ.எஸ்.ஸுக்கு. 14 வயது நிறைந்திருக்க வேண்டும். எட்டாம் வகுப்புச் சான்று இல்லாதவர்கள் சுய உறுதிமொழி கொடுத்துச் சேரலாம். தேர்ச்சிக்கு ஐந்து பாடங்கள் வேண்டும், தமிழ்வழியிலும் எழுதலாம். பொதுத்தேர்வு ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் என வருடத்துக்கு இருமுறை. பதிவு ஐந்து வருடம் செல்லும், அதற்குள் ஒன்பது வாய்ப்பு.

சறுக்குவது பாடத் தேர்வில். சுலபம் என்று ஓவியம், மனையியல், டேட்டா என்ட்ரி என எடுத்துத் தேறிவிட்டு, பிளஸ் ஒன்னில் அறிவியல் பிரிவு கேட்டால் பள்ளி கையை விரிக்கும். கணிதமும் அறிவியலும் ஆங்கிலமும் கட்டாயம் இருக்கட்டும். பிளஸ் ஒன்னுக்குப் பள்ளியில் சேர்க்கும் எண்ணம் இருந்தால் முந்தைய அக்டோபரிலேயே எழுதிவிடுங்கள். சேர்க்கை தொடங்கும்போது மதிப்பெண் பட்டியல் கையில் இருக்கும். விண்ணப்பிக்கும் முன் பிறப்புச் சான்றிதழிலும் ஆதாரிலும் பெயரையும் இனிஷியலையும் எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். ஒன்றில் இனிஷியல், மற்றொன்றில் அப்பா பெயர் முழுதாக என்று இருந்தால் சான்றிதழ் வந்தபின் திருத்துவது பெரும்பாடு.

இழப்பையும் தெரிந்துகொண்டு இறங்குங்கள். மருத்துவப் படிப்பில் தமிழ்நாட்டின் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கானது. மாணவியருக்கான புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய்க்கும் அந்த வகுப்புகளை அரசுப் பள்ளியிலோ, அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியிலோ படித்திருக்க வேண்டும். மாநில அரசு வேலையில் தமிழ்வழியில் படித்தோருக்கான 20 சதவீதத்துக்குப் பள்ளிகள் தரும் சான்று கேட்பார்கள். வீட்டில் தமிழிலேயே படித்திருந்தாலும் அந்தச் சான்று கிடைக்காது. அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளையை நிறுத்துவதானால் இந்தப் பத்தியை இருமுறை படியுங்கள்.

நாங்கள் இருவருமே வேலைக்குப் போகிறோம். ஆன்லைன் வகுப்பில் சேர்த்துவிட்டால் போதாதா?
- வாசகி, சென்னை

பத்து வயதுக்குக் கீழே போதாது. திரைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு, பிள்ளை 42-இலிருந்து 17 போக 35 என்று எழுதியது தெரியலாம், ஏன் எழுதினாள் என்பது தெரியாது. தினமும் இரண்டு மணி நேரம் பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டும். பாட்டியோ சித்தப்பாவோ யாராக இருந்தாலும் சரி. அப்படி ஒருவர் கிடைக்கும்வரை பள்ளியிலேயே இருக்கட்டும்.