மருத்துவர் பதில்கள்: முறுக்கேறும் இழையும் சிப்ரோஃப்ளாக்சசினும்

கேள்வி: எழுபது வயதான எங்கள் அம்மிச்சிக்குச் சிறுநீர்த் தொற்று என்று ஏழு நாளைக்குச் சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள், பாலுடன் விழுங்கக் கூடாது என்றும் சொன்னார்கள். மூன்றாம் நாளிலிருந்து குதிகாலுக்கு மேலே வலிக்கிறது என்கிறார். வயதினால் வந்த வலி என்று விட்டுவிடலாமா? இந்த மருந்து உடம்பில் என்னதான் செய்கிறது?
– ஒரு வாசகி, சென்னிமலை

பதில்: விட்டுவிட வேண்டாம். அடுத்த மாத்திரையைக் கொடுக்காமல், எழுதித் தந்த மருத்துவரிடம் இன்றே வலியைச் சொல்லுங்கள். இவ்வகை மருந்துகள் அரிதாகக் குதிகால் தசைநாரைப் புண்ணாக்கும், சில சமயம் அறுத்தும் விடும். அறுபது வயதைக் கடந்தவர்களுக்கும், ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் அந்த ஆபத்து அதிகம். மாற்று மருந்துகள் இருக்கின்றன. அதுவரை அம்மிச்சி அதிகம் நடக்காமல் காலுக்கு ஓய்வு கொடுக்கட்டும்.

மருந்தின் வேலையைத் தறி ஓடும் ஊரில் இருப்பவருக்கு விளக்குவது எளிது. இரட்டை நூலின் இரு இழைகளைப் பிரித்து இழுத்துக்கொண்டே போனால், முறுக்கெல்லாம் முன்னே போய்ச் சேர்ந்து சிக்கு விழும் அல்லவா? குடலில் வாழும் ஈ. கோலை பாக்டீரியாவின் நீளம் ஏறத்தாழ 2 மைக்ரோமீட்டர்தான். அதற்குள் மடங்கிக் கிடக்கும் டி.என்.ஏ. இழையோ நீட்டினால் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர். பாக்டீரியா இரண்டாகப் பெருகுவதற்கு அந்த இழையைப் பிரித்துப் படியெடுக்கும்போது ஏறும் முறுக்கை, கைரேஸ் என்னும் நொதி, இழையை வெட்டி, மற்றொரு பகுதியை அந்த வெட்டின் வழியே கடத்தி, மீண்டும் ஒட்டிச் சரிசெய்கிறது. சிப்ரோஃப்ளாக்சசின், வெட்டியபின் ஒட்டுவதற்கு முன் அந்த நொதியைப் பிடித்து நிறுத்திவிடுகிறது. அறுந்த முனைகள் அறுந்தே கிடக்க, பாக்டீரியா மடிகிறது. இதே வேலையைச் செய்யும் மனித நொதியின் அமைப்பு வேறு என்பதால், சிகிச்சை அளவில் நம் செல்கள் பெரிதும் தப்பிவிடுகின்றன. இக்குடும்பத்தின் மூத்த மருந்தான நாலிடிக்ஸிக் அமிலம் 1962இலேயே அறிமுகமாகிவிட்டது. கைரேஸ் கண்டுபிடிக்கப்பட்டதோ 1976இல்தான்.

பாலில் உள்ள கால்சியம் மருந்தோடு பிணைந்து, குடல் அதை உறிஞ்சவிடாமல் தடுக்கிறது. வெறும் தயிரும் மோரும் அப்படியே. இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளையும் வயிற்றெரிச்சலுக்கான ஆன்டாசிட் மருந்துகளையும் சாப்பிடுவதற்கு இரண்டு மணி நேரம் முன்போ, சாப்பிட்டு ஆறு மணி நேரம் கழித்தோ இந்த மாத்திரையை விழுங்க வேண்டும். அம்மிச்சி சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவராக இருந்தால், இரத்தச் சர்க்கரை திடீரெனக் குறையவும் கூடும். அதையும் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் கறிக்கோழிப் பண்ணையில் என்ரோஃப்ளாக்சசின் புட்டியில் பாதி மிச்சமிருக்கிறது. அதுவும் இதே வகை மருந்து என்கிறார்கள். வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால் கொடுக்கலாமா?
– ஒரு வாசகர், பல்லடம்

பதில்: கூடவே கூடாது. உறவு உண்மைதான், என்ரோஃப்ளாக்சசின் உடலுக்குள் ஒரு பகுதி சிப்ரோஃப்ளாக்சசினாகவே மாறுகிறது. ஆனால் அதன் அளவும் தயாரிப்பும் மனிதருக்கானவை அல்ல. டெங்கு போன்ற வைரஸ் காய்ச்சலில் அதற்கு வேலையே இல்லை; காசநோயாக இருந்தாலோ, சில நாள் நோயை அமுக்கி வைத்து, கண்டறிவதைத் தாமதப்படுத்தும். கைரேஸை உருவாக்கும் மரபணுவில் ஓர் எழுத்து மாறினாலே மருந்தின் பிடி தளர்ந்துவிடும்; அப்படி மாறிய டைஃபாய்டு கிருமிகள் நம் நாட்டில் பரவிவிட்டதால், ஒரு காலத்தில் அக்காய்ச்சலுக்கு நம்பி எழுதிய சிப்ரோஃப்ளாக்சசினை இன்று எழுதத் தயங்குகிறோம். எனக்கு இதுவே பெரிய வருத்தம்.

கோழிகளுக்குக் கொடுப்பதிலும் அதே கவனம் வேண்டும். கோழியில் எதிர்ப்புத்திறன் பெறும் கேம்பைலோபாக்டர் கிருமி மனிதரையும் தாக்குவதால், அமெரிக்கா 2005இல் கோழிகளுக்கு இம்மருந்தைத் தடை செய்தது. கால்நடை மருத்துவர் சொல்லாமல் குடிநீரில் கலக்காதீர்கள். கொடுத்தால், அவர் சொல்லும் நாள் கடக்கும்வரை கோழியை விற்பனைக்கு ஏற்றாதீர்கள். மிச்சப் புட்டியை எருக்குழியிலோ பி.ஏ.பி. (பரம்பிக்குளம்–ஆழியாறு) பாசன வாய்க்காலிலோ கொட்டாமல், எப்படி அப்புறப்படுத்துவது என்று அவரிடமே கேளுங்கள்.