உயரமும் பருமனும் உள்ள மகனுக்கு மூளை ஸ்கேன் தேவையா?

கேள்வி: என் மகனுக்கு 17 வயது. ஆறடி உயரம், 102 கிலோ எடை. இளவயதில் உயரமாகவும் பருமனாகவும் இருப்பவர்களுக்குப் பிற்காலத்தில் மூளைக்கட்டி வரும் வாய்ப்பு அதிகம் என்று படித்ததிலிருந்து மனம் நிலைகொள்ளவில்லை. எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்துவிடலாமா?

பதில்: தொந்தரவு எதுவும் இல்லாத நிலையில் ஸ்கேன் தேவையில்லை.

நீங்கள் படித்த செய்திக்கு 2009-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு அடிப்படையாக இருக்கலாம். 50 முதல் 71 வயது வரையிலான ஏறத்தாழ ஐந்து லட்சம் பேரை எட்டு ஆண்டுகள் அளவுக்குத் தொடர்ந்து கவனித்ததில், 480 பேருக்குக் கிளையோமா என்னும் மூளைக்கட்டி வந்திருந்தது. 18 வயதில் உடல் நிறை குறியீட்டெண் (உயரத்தோடு ஒப்பிட்டு எடையை அளக்கும் பி.எம்.ஐ.) 30-க்கும் 35-க்கும் இடையில் இருந்தவர்களிடம் இது இயல்பான எடையினரைவிட 3.7 மடங்கும், 190 செ.மீ. அல்லது அதற்கு மேல் உயரமுள்ளவர்களிடம் 160 செ.மீ.க்குக் குறைந்தவர்களைவிட இரு மடங்கும் காணப்பட்டது. உங்கள் மகன் அந்த உயர வரம்பை எட்டவில்லை. ஆனால் அவருடைய குறியீட்டெண் 30-ஐச் சற்றே தாண்டுகிறது.

'மடங்கு' என்றதும் மனம் பதறுவது இயல்பே. ஆனால் எதன் மடங்கு என்று கேட்க வேண்டும். ஐந்து லட்சத்தில் 480 என்றால் ஆயிரத்தில் ஒருவருக்கும் சற்றுக் குறைவு, அதை 3.7 மடங்காக்கினாலும் ஆயிரத்தில் நால்வரைத் தொடாது. மேலும், பல பத்தாண்டுகளுக்கு முந்தைய எடையை அவர்கள் நினைவிலிருந்தே சொன்னார்கள் என்பதால், அந்த 3.7-ஐத் துல்லியமான அளவாக நான் கொள்ளமாட்டேன். வளரும் பருவத்தில் செல் பெருக்கத்தைத் தூண்டும் ஹார்மோன்களும் வளர்ச்சிக் காரணிகளும் இத்தொடர்புக்குக் காரணமாக இருக்கலாம் எனக் கருதப்படுகிறது, அது நிறுவப்படவில்லை. தலையில் பாய்ச்சப்பட்ட கதிர்வீச்சும் சில அரிய மரபணுக் கோளாறுகளுமே ஐயத்துக்கு இடமில்லாத காரணங்கள்.

நலமாக இருப்பவருக்கு எம்.ஆர்.ஐ. எடுப்பதில் ஒரு சிக்கலும் உண்டு. நூறில் இரண்டு மூன்று பேருக்குத் தற்செயலாக ஏதேனும் ஒன்று படத்தில் தென்படும். அவற்றில் பெரும்பாலானவை தீங்கற்றவை என்றாலும், மறு ஸ்கேன், மருத்துவர் மாற்றி மருத்துவர் என அலைச்சல் தொடங்கிவிடும். பிற்காலத்தில் வரக்கூடிய கட்டியை இன்றைய படம் முன்கூட்டிச் சொல்லவும் சொல்லாது.

விடியற்காலையில் எழுப்பிவிடும் தலைவலி, அதனுடன் வாந்தி, முதன்முறையாக வரும் வலிப்பு, இரட்டைப் பார்வை, ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் தாமதிக்காமல் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். பருமனான இளையோருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, கட்டி இல்லாமலேயே மண்டையோட்டுக்குள் அழுத்தம் உயர்ந்து, கட்டியைப் போலவே தலைவலியும் பார்வை மங்கலும் வருவதுண்டு. பார்வை நரம்பைப் பாதிக்கக்கூடிய இந்நிலையில், எடையைக் குறைப்பதே சிகிச்சையின் முக்கியப் பகுதி. எனவே மகனுக்குத் தலைவலி அடிக்கடி வந்தால், கண் மருத்துவரிடம் விழித்திரைப் பரிசோதனையும் செய்துகொள்வது நல்லது.

உயரத்தை நாம் மாற்ற முடியாது. எடை விஷயத்தில், மூளைக்கட்டியைவிடப் பன்மடங்கு நெருக்கமாக நிற்பவை சர்க்கரை நோய், உயர் ரத்த அழுத்தம், கல்லீரல் கொழுப்பு ஆகியவை. ஸ்கேனுக்குச் செலவிட நினைத்த பணத்தில் சிறு பகுதி இவற்றுக்கான பரிசோதனைகளுக்குப் போதும். அதே ஆய்வில், 15 முதல் 18 வயது வரை ஓடியாடி இருந்தவர்களிடம் கிளையோமா மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைவாக இருந்தது. இதுவும் தொடர்பே தவிர நிரூபணமல்ல. ஆயினும் மகனை மாலையில் மைதானத்துக்கு அனுப்ப வேறு காரணங்கள் ஏராளமாக இருக்கின்றன.