சாவடிக்கு முன்னால் இறங்கிக்கொள்ளும் பையன்

கேள்வி: வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவள் நான். கணவர், 23 வயது மகனுடன் மியான்மர் போகிறேன். கலோ ஊரிலிருந்து இன்லே ஏரி வரை மூன்று நாள் நடை, இரவில் பா-ஓ என்ற மலைவாழ் மக்களின் வீட்டில் தங்கல் என்று தனி வழிகாட்டி ஒருவரை அமர்த்தியிருக்கிறோம். கலோவிலேயே தங்கி அக்கம்பக்கம் பார்க்கலாம் என்றுதான் அவர் சொன்னார். உண்மையான கிராம வாழ்க்கையைப் பார்க்க வேண்டும் என்று நாங்கள் விடாப்பிடியாக நின்றோம். அவருக்கு 24 வயது, தங்கமான பையன். (காரில் போகும் வழியில் ஒரு சோதனைச் சாவடிக்கு முன்னால் மட்டும் இறங்கி, வேறு பாதையில் சுற்றிவந்து சேர்ந்துகொள்வாராம். முழுப் பணமும் கட்டியபின் ஏன் பாதியில் விடுகிறார் என்று கணவருக்குக் குறை.) கிராமத்துக் குழந்தைகளுக்கு என்ன பரிசு கொண்டுபோகலாம்?

பதில்: பரிசு இருக்கட்டும். அடைப்புக்குறிக்குள் போட்டு நீங்கள் ஒதுக்கிய வரியை இன்னொரு முறை படியுங்கள். உங்கள் கடிதமே அதுதான்.

மியான்மரில் 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். ஆண்களுக்கு 18 முதல் 35 வயது, பெண்களுக்கு 18 முதல் 27. இரண்டு ஆண்டுச் சேவை, நெருக்கடி காலத்தில் ஐந்து ஆண்டு வரை நீளும். 2021-இல் ஆட்சியைப் பிடித்த நாள் முதல் அந்த ராணுவம் சண்டையிடுவது சொந்த நாட்டு மக்களோடு. 24 வயதுப் பையன் சாவடியைக் கண்டு விலகிப் போகிறான் என்றால் எனக்கு வேறு காரணம் தோன்றவில்லை. உங்கள் கணவருக்கோ கட்டிய பணம் கண்ணில் நிற்கிறது! உங்கள் மகனைவிட ஒரே ஒரு வயது மூத்தவன் அவன். உங்கள் மகன் காரில் உட்கார்ந்து சாவடியைக் கடக்க, இன்னொருத்தி பெற்ற பிள்ளை புதருக்குள் ஒளிந்து நடக்க வேண்டுமா?

கலோவோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று அவன் முதலிலேயே சொன்னான். அதற்கு மேல் எப்படிச் சொல்வான்? பிழைப்பு வேண்டியவன், காசு கொடுப்பவரிடம் மறுத்துப் பேச மாட்டான்.

நீங்கள் தங்கப்போகும் வீட்டையும் நினைத்துப் பாருங்கள். அந்நாட்டுக் கிராமங்களில் வழிப்போக்கருக்காகச் சாலையோரம் மண்பானையில் தண்ணீர் வைத்திருப்பார்கள். பர்மிய மொழியில் நலம் விசாரிப்பதே ‘சோறு சாப்பிட்டாயிற்றா’ என்றுதான். வீட்டுக்கு வந்தவரை வேண்டாம் என்று அவர்கள் சொல்ல மாட்டார்கள். ஆனால் இரவு தங்கும் விருந்தாளியைப் பற்றி உள்ளூர் அதிகாரியிடம் தெரிவித்தாக வேண்டும் என்ற பழைய விதியை 2021 பிப்ரவரியில் திரும்பக் கொண்டுவந்திருக்கிறார்கள். தவறினால் தண்டனை வீட்டுக்காரருக்கு. தெரிவித்தாலோ, கூட வந்த பையன் யார் என்ற கேள்வி வரும். மறுக்கத் தெரியாதவர்களிடம் நாம்தான் கேட்காமல் இருக்க வேண்டும். நம் வீட்டில் பெரியவர்கள் நமக்குக் கற்றுக்கொடுத்ததும் இதுதானே?

மூன்று நாள் நடையைக் கைவிடுங்கள். அவன் சொன்னபடி கலோவிலேயே இருங்கள். அங்கே ஐந்து நாளுக்கு ஒருமுறை சந்தை கூடும். கறுப்பு உடையும் தலையில் வண்ணத் துண்டுமாகப் பா-ஓ பெண்கள் மலையிலிருந்து காய்கறியோடு வருவார்கள். அவர்களிடம் வாங்கி, அந்த ஷான் மாநிலத்தில் கடலைமாவில் செய்யும் டோஃபுவை உட்கார்ந்து சாப்பிடுங்கள். அதுவும் அந்த மக்களின் வாழ்க்கைதான். கலோவுக்கே அவன் தயங்கினால் பயணத்தை விட்டுவிடுங்கள். கட்டிய பணம் அவனுக்கே போகட்டும். எந்தப் பயண நிறுவனத்துக்கும் புகார் என்று ஒரு வரிகூட எழுத வேண்டாம், அவன் பெயர் அதில் வரும்.

இதையெல்லாம் அவனுக்குச் செய்தியாக அனுப்பாதீர்கள். அங்கே சாவடிகளில் கைப்பேசியை வாங்கிப் பார்க்கிறார்கள். அழைத்துப் பேசுங்கள். சாவடியைப் பற்றி எதுவும் கேட்காமல், ‘எங்களுக்கு நடக்க முடியாது, கலோவிலேயே இருக்கிறோம், பணத்தில் எதுவும் குறைக்க மாட்டோம்’ என்று மட்டும் சொல்லுங்கள். உங்கள் கணவரே பேசட்டும், மகனும் பக்கத்தில் இருந்து கேட்கட்டும்.

பரிசைக் கேட்டீர்கள். மிட்டாய் வேண்டாம். நோட்டும் பென்சிலும் வாங்கி, புத்த மடத்தில் மூத்த பிக்குவிடம் கொடுங்கள். எந்தப் பிள்ளைக்கு எது தேவை என்று அவருக்குத் தெரியும்.