பிள்ளைக்கு மூளைத்திறன் மதிப்பீடு: பெற்றோர் கேட்டவை

பாளையங்கோட்டையில் பிள்ளைகளுக்கு உளவியல் மதிப்பீடு செய்துவருகிறேன். பெற்றோர் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

அக்கா, என் மகன் நாலாம் வகுப்பு. வாயால் கேட்டால் எல்லாம் சொல்கிறான், எழுதச் சொன்னால் முழிக்கிறான். பள்ளியில் ‘நியூரோசைக்காலஜி டெஸ்ட்’ எடுத்து வரச் சொல்கிறார்கள். தலையில் வயர் மாட்டுவார்களா? (மேலப்பாளையம்)

வயர், ஊசி, ஸ்கேன் எதுவும் கிடையாதும்மா. வயர் மாட்டுவது மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்யும் இ.இ.ஜி., அது வேறு. இது மேசைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் பிள்ளை என்று உட்கார்ந்து செய்யும் வேலை. நான் 4, 9, 2 என்றால் அவன் 2, 9, 4 என்று திருப்பிச் சொல்ல வேண்டும். படத்தில் இருப்பதுபோலக் கட்டைகளை அடுக்க வேண்டும். ஒரு கதையைக் கேட்டுவிட்டு, அரைமணி கழித்து அதையே சொல்ல வேண்டும். கவனம், நினைவு, மொழி, வேகம், திட்டமிடுதல் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்ப்போம். எல்லாம் முடிய மூன்று நான்கு மணி நேரமாவது ஆகும். சின்னப் பிள்ளை என்றால் இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்வோம்.

மார்க்கைக் குறிப்பதோடு நாங்கள் நிறுத்திக்கொள்வதில்லை. ஒரு பையன் கட்டைகளைச் சடசடவென்று அடுக்கினான். வாசிக்கும் தாளை எடுத்ததும் அவன் கை சட்டைப் பொத்தானுக்குப் போய்விட்டது; தாளை மூடும்வரை திருகிக்கொண்டே இருந்தான். அதையும் ரிப்போர்ட்டில் எழுதினேன்.

மகளுக்கு ஐக்யூ 82 என்று வந்திருக்கிறது. மந்தம் என்று அர்த்தமா? (அம்பாசமுத்திரம்)

இல்லை அண்ணாச்சி. சராசரி 100. சுமார் மூன்றில் இரண்டு பங்குப் பேர் 85-க்கும் 115-க்கும் நடுவில் வருவார்கள். 82 அதற்குக் கொஞ்சம் கீழே, அவ்வளவுதான். அந்த எண்ணை விட்டுவிட்டு உள்பகுதி மதிப்பெண்களைக் கேட்டு வாங்குங்கள். யோசிக்கும் திறன் நன்றாக இருந்து, எழுதும் வேகம் மட்டும் மிகக் குறைவாக இருந்தாலும் மொத்த எண் சரிந்துவிடும். பள்ளியில் அவளுக்குத் தேவைப்படுவது கூடுதல் நேரமாக மட்டும் இருக்கலாம்.

எந்த மொழியில் வைத்தார்கள்? தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைக்கு ஆங்கிலத்தில் வைத்தால் அளப்பது ஆங்கிலத்தைத்தான். தமிழிலும் நம் ஊர்ப் பேச்சு தெரிந்தவர் வேண்டும். ‘வெஞ்சனம்’ (சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் கறி) என்றால் புரியாத ஒருவர் பிள்ளையின் சொல்வளத்தை எப்படி அளப்பார்? எந்த அளவுகோல் என்பதையும் கேளுங்கள். நம் நாட்டில் இன்னும் புழங்கும் ‘மாலின்’ என்ற ஐக்யூ அளவுகோல் 1969-ல் வந்தது. அதன் எண்ணை இறுதித் தீர்ப்பாக எடுக்கக் கூடாது.

பேரனுக்கு மூன்று வயது. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. எட்டு வயது ஆகட்டும் என்கிறார்கள். (முக்கூடல்)

காத்திருக்காதீர்கள் ஆச்சி. எட்டு வயது என்று சொல்வது வாசிப்பு, எழுத்துக் குறைபாட்டை உறுதிசெய்யத்தான். பேச்சு வராதது, கூப்பிட்டால் திரும்பாதது எல்லாம் இந்த வாரமே பார்க்க வேண்டியவை. முதலில் காது. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். காது சரியாக இருந்தால் அடுத்து வளர்ச்சி மதிப்பீடு.

யாரிடம் போவது? பத்தாம் வகுப்புச் சலுகை கிடைக்குமா? (நாங்குநேரி)

இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவான கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டிடம். பதிவு எண் கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான 2016 சட்டம் ஏற்கும் 21 மாற்றுத்திறன் வகைகளில் கற்றல் குறைபாடும் உண்டு. கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகளுக்குத் தலைமையாசிரியர் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். தனியார் ரிப்போர்ட் மட்டும் போதாது, அரசுச் சான்றிதழ் வேண்டும். தேர்வு நேரத்தில் ஓடாமல் ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்குங்கள்.

முந்தின நாள் என்ன சொல்லிக்கொடுப்பது? (பேட்டை)

ஒன்றும் வேண்டாம். யூடியூபில் பார்த்துப் பழக்கினால் ரிப்போர்ட் பொய்யாகிவிடும். நன்றாகத் தூங்கட்டும், சாப்பிட்டுவிட்டு வரட்டும். கண்ணாடி போடுகிறவன் என்றால் மறக்காதீர்கள். வலிப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். பழைய நோட்டுகளைக் கொண்டு வாருங்கள், சிவப்பு மையில் அடித்த பக்கங்களையும் சேர்த்து.

இதனால் பிள்ளைக்கு ஒரு பெயர் ஒட்டிக்கொள்ளாதா என்று மாமியார் பயப்படுகிறார். (மேலப்பாளையம்)

அந்தப் பயம் நியாயமானது. ரிப்போர்ட் உங்கள் கையில்தான் இருக்கும், யாரிடம் காட்டுவது என்பதை நீங்கள் முடிவுசெய்யலாம். ஆனால் என்னிடம் வரும் பிள்ளைகள் பலருக்கு வகுப்பில் ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறது: மக்கு. அந்தப் பெயரைச் சொல்லும்போது அவர்கள் குரல் இறங்கிவிடும். மாமியாரையும் கூட்டிவாருங்கள், உட்காரவைத்து விளக்கிச் சொல்கிறேன்.