பாராடெனிக் விருந்தோம்பி: கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

ஒட்டுண்ணிகளைப் பற்றிய உங்கள் கட்டுரையில் ‘பாராடெனிக் விருந்தோம்பி’ என்ற சொல்லைக் கண்டேன். (ஒட்டுண்ணிக்கு இடம்தரும் உயிரிதான் விருந்தோம்பி.) எங்கள் பாடநூல் அதை ‘வாழ்க்கைச் சுழற்சிக்குத் தேவைப்படாத விருந்தோம்பி’ என ஒரே வரியில் முடித்துவிடுகிறது. தேவையே இல்லையென்றால் ஒட்டுண்ணி ஏன் அங்கே தங்குகிறது? இடைநிலை விருந்தோம்பியிலிருந்து அது எவ்வாறு வேறுபடுகிறது? அச்சொல் எங்கிருந்து வந்தது?

ஒரு வாசகர்

அன்புள்ள வாசகருக்கு,

பாடநூலின் வரி பிழையன்று. அங்கே ‘தேவை’ என்பது வளர்ச்சிக்கான தேவையை மட்டுமே குறிக்கிறது என்பதை அது சொல்லாமல் விட்டதால்தான் உங்களுக்கு இந்தக் குழப்பம் வந்திருக்கிறது.

மனிதக் குடலில் 10 மீட்டர் நீளம்வரை வளரக்கூடிய அகன்ற நாடாப்புழுவை எடுத்துக்கொள்வோம். நன்னீரில் பொரித்து நீந்தும் அதன் இளவுயிரியை, கண்ணுக்கு ஒரு புள்ளியாக மட்டுமே தெரியும், இறால், நண்டின் உறவான ஓட்டுடலி ஒன்று விழுங்குகிறது. அதன் உடற்குழிக்குள் இளவுயிரி அடுத்த பருவத்தை அடைகிறது. அந்த ஓட்டுடலியைச் சிறுமீன் தின்றதும், இளவுயிரி மீனின் தசைக்குள் சென்று, மனிதரைத் தொற்றும் திறன்கொண்ட பருவமாக வளர்கிறது. இரண்டிலும் வளர்ச்சி நடக்கிறது என்பதால் இரண்டுமே இடைநிலை விருந்தோம்பிகள். சிறுமீனை, பைக் (pike) என்னும் மீன் போன்ற பெரிய வேட்டைமீன் விழுங்கும்போதோ, இளவுயிரி அதன் குடற்சுவரைத் துளைத்துத் தசையில் குடியேறுகிறதே தவிர, ஒரு படியும் வளர்வதில்லை. உயிரோடு, தொற்றும் திறன் குன்றாமல் இருக்கிறது. அந்தப் பெரிய மீன்தான் பாராடெனிக் விருந்தோம்பி.

வளர்ச்சியின் கணக்கில் அதை நீக்கிவிடலாம்; உணவுச் சங்கிலியின் கணக்கில் நீக்க முடியாது என்பதே என் எண்ணம். மனிதர் பெரும்பாலும் விரும்பி உண்பது பெரிய மீனைத்தான். பெரிய மீனோ ஓட்டுடலியைத் தேடித் தின்பதில்லை. மேலும், பல சிறுமீன்களில் சிதறிக் கிடந்த இளவுயிரிகள் ஒரே பெரிய மீனில் சேர்ந்துவிடுகின்றன.

சொல்லின் வேர் கிரேக்கம். ‘பாரா’ என்றால் அருகே, கூடவே. ‘டெய்னெய்ன்’ என்றால் இழுத்தல், நீட்டுதல். இரண்டும் சேர்ந்த வினைக்கு ‘நீட்டித்தல்’ என்று பொருள். (தசைகள் விறைத்து இழுபடும் டெட்டனஸ் நோயின் பெயரும் இதே வினையிலிருந்து வந்ததுதான்.) சுவிட்சர்லாந்தின் ஒட்டுண்ணியியலாளர் ஜான் ஜார்ஜ் பேயர் 1950களின் தொடக்கத்தில் இச்சொல்லை வழக்குக்குக் கொண்டுவந்தார். பிரெஞ்சில் அதற்குக் ‘காத்திருப்பு விருந்தோம்பி’ என்னும் பொருள்படும் பெயரும் உண்டு. சில நூல்கள் ‘கடத்தும் விருந்தோம்பி’ என்கின்றன. இளவுயிரியின் காலம் இங்கே நீள்கிறது என்பதை விட்டுவிடுவதால் அதை நான் ஏற்கத் தயங்குகிறேன்.

இது வெறும் வகைப்பாட்டுச் சிக்கல் அன்று. மனிதரின் தோலுக்கடியில் வளரும் ஒட்டுண்ணியான நரம்புச் சிலந்திப் புழு, ஓட்டுடலிகள் கலந்த நீரைக் குடிப்பதால் மட்டுமே பரவுகிறது என்று நெடுங்காலம் கருதப்பட்டது. நீரை வடிகட்டிக் குடிக்கும் பழக்கத்தால் பல நாடுகள் அதிலிருந்து மீண்டன. ஆனால் ஆப்பிரிக்காவின் சாட் நாட்டில் 2012 முதல் நாய்களிடம் அந்தப் புழு தொடர்ந்து காணப்பட்டது. தவளைகள் அதன் இளவுயிரிகளைத் தசையில் தாங்கும் பாராடெனிக் விருந்தோம்பிகளாக இருக்கக்கூடும் என்பதும், மீன்கள் வழியாகவும் அவை நாய்களைச் சேரக்கூடும் என்பதும் பின்னர் தெரியவந்தது. அதனால்தான் அங்கே நீரை வடிகட்டச் சொல்வதோடு நிற்காமல், மீன்களின் குடலைப் புதைக்கவும் நாய்களைக் கட்டிவைக்கவும் மக்களிடம் கேட்டுக்கொள்கிறார்கள்.

அன்புடன்,
ஆசிரியர்